வாத்தியார் வீட்டு அடுப்பு



"வாத்தியார் பிள்ளை மக்கு" என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. அதை நாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். சற்று நின்று யோசித்தால் சிரிப்பு வராது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விடியற்காலை முதல் விளக்கு வைக்கும் வரை எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவருக்குத் தம் சொந்தப் பிள்ளையை மடியில் வைத்துச் சொல்லிக் கொடுக்க நேரம் ஏது? அந்தப் பழமொழிக்குள் ஓர் ஆசிரியர் குடும்பத்தின் துயரம் இருக்கிறது. இன்று அத்தகைய ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

விக்டோரியா மகாராணியார் 1837-ஆம் ஆண்டு முதல் 1901-ஆம் ஆண்டு வரை ஆட்சி செய்தார். அந்தக் காலத்தில்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பல் ஏறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிக் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்கள் விட்டுவந்த கிராமங்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். அவர் எப்படி வாழ்ந்தார்? அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? இதை முதலில் பார்ப்போம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குத் தனிக் கட்டடம் கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணையோ, சத்திரத்தின் ஓரமோ, மரத்தடியோ போதும். பிள்ளைகள் பொழுது விடிவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். முதலில் வருகிற பையனுக்கு 'வேத்தான்' என்று பெயர். அவன் பிரம்படியிலிருந்து தப்பித்துக்கொள்வான். அடுத்து வருகிறவனுக்கு ஓர் அடி, அதற்கடுத்தவனுக்கு இரண்டு அடி என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். தரையில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் அகரம் பழக வேண்டும். கை தேறிய பிறகு பனையோலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் என்று வரிசையாக மனப்பாடம் நடக்கும். மூத்த மாணவர்களில் கெட்டிக்காரன் ஒருவன் சட்டாம்பிள்ளை. உபாத்தியாயர் இல்லாத வேளையில் அவன் வைத்ததுதான் சட்டம்.

இந்த உபாத்தியாயருக்கு என்ன வருமானம்? சென்னை மாகாணத்தில் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பிள்ளைகள் படித்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற கணக்கு. அதே குறிப்பில் மன்றோ மற்றொன்றும் சொல்கிறார். ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை. தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்கிறார். ஆட்சி நடத்தியவரே ஒப்புக்கொண்ட உண்மை இது.

அந்த ஆறு ஏழு ரூபாயும் மாதம் பிறந்ததும் கையில் வந்து விழும் சம்பளம் அன்று. ஒரு வீட்டிலிருந்து நாலணா வரும்; ஒரு வீட்டிலிருந்து வராது. அமாவாசை, பௌர்ணமி விடுமுறைகளை ஒட்டிப் பிள்ளைகள் வாவுக்காசு கொண்டுவருவார்கள். அறுவடைக் காலத்தில் நெல் கிடைக்கும். நவராத்திரி வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடச் செய்து, அவர்கள் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வார். மழை பொய்த்துவிட்டால் நெல்லும் இல்லை, காசும் இல்லை. ஆகவே உபாத்தியாயர் வீட்டு அடுப்பு எரிவது வானத்தின் கையிலும் ஊராரின் மனத்திலும் இருந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் கிராமத்து ஆசிரியர் எப்படி இருந்தார் என்று கேட்கத் தோன்றும். அங்கேயும் அவர் செல்வத்தில் மிதக்கவில்லை. இதில் நாம் பெருமைப்படத்தக்க ஒரு செய்தியும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். ஊர் திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையின் மணல் கடல் கடந்து போயிருக்கிறது, பாருங்கள்!

1862-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதனை வைப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே மானியத்தின் பெரும்பகுதி பள்ளிக்குக் கிடைக்கும். ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டால் ஆசிரியரின் வருமானத்திலும் காய்ச்சல் கண்டுவிடும். சென்னை அரசும் பின்னர் இதுபோன்ற முறையைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் பல கிராமங்களில் ஆசிரியரின் மனைவியும் பள்ளியில் வேலை பார்த்தார். பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார். நம் நாட்டில் உபாத்தியாயரின் மனைவி பள்ளிக்காகப் பட்ட பாடு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இனி, நான் சொல்ல வந்த குடும்பத்துக்கு வருகிறேன்.

சிதம்பரம் பிள்ளை என்பவர் மதுரையிலிருந்து தம் மனைவி அன்னத்தாச்சியோடு திருச்சிராப்பள்ளிப் பக்கம் வந்து குடியேறினார். நன்கு தமிழ் படித்தவர். அதவத்தூர், சோமரசம்பேட்டை முதலிய சிற்றூர்களில் வாழ்ந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். அவருக்கு 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ஒரு மகன் பிறந்தான். மதுரைக் கோயிலின் நினைவாக மீனாட்சிசுந்தரம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பையன் தகப்பனாரிடமே எழுத்தும் எண்ணும் நிகண்டும் சிறு நூல்களும் கற்றான். ஆம், நேயர்களே! இந்த வாத்தியார் வீட்டுப் பிள்ளை மக்காக இருக்கவில்லை.

ஆனால் அவனுக்கு வயது பதினைந்து இருக்கும்போது தகப்பனார் காலமாகிவிட்டார். கிராமத்து உபாத்தியாயர் விட்டுச் சென்ற சொத்து என்னவாக இருக்கும்? சில ஓலைச்சுவடிகள், மகனுக்குக் கொடுத்த கல்வி. குடும்பப் பொறுப்பு அந்த இளம் தோளில் விழுந்தது. அவன் படிப்பை விடவில்லை. திருச்சிராப்பள்ளிக்குப் போய், யாரிடம் எந்த நூல் இருக்கிறது, யாருக்கு எந்த நூல் தெரியும் என்று தேடித் தேடிக் கற்றான். பிச்சை எடுத்து உண்ணும் பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டு, அவர் போகிற இடமெல்லாம் பின்னால் நடந்து, அவர் மனங்கொண்ட வேளையில் பாடம் கேட்டிருக்கிறான். சொல்லித் தருகிறவர் பிச்சைக்காரரா பிரபுவா என்று அவன் பார்க்கவில்லை.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று தமிழுலகம் கைகூப்பி வணங்கிய பேராசிரியர். பிள்ளையவர்கள் 1860-ஐ ஒட்டி மாயூரத்தில் வந்து தங்கினார். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும் கிடைத்தது. புராணங்களும் பிரபந்தங்களுமாக ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடினார். இருந்தாலும் அவருக்கு மிகவும் விருப்பமான வேலை பாடம் சொல்லுவதே. கற்க வந்தவரிடம் காசு கேட்டதில்லை. சாதி கேட்டு, மதம் கேட்டுத் திருப்பி அனுப்பியதில்லை. சவரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவர் அவருடைய அன்புக்குரிய மாணவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் என்ற முஸ்லிம் புலவரும் அவருடைய மாணவர். இந்தக் குலாம் காதிறு நாவலர் பிற்காலத்தில் நம் பினாங்குக்கு வந்து 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழின் ஆசிரியராக இருந்தவர் என்பதைக் கேட்க உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். மாயூரத்துத் திண்ணையில் சொன்ன பாடம், இந்த ஜார்ஜ் டவுன் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது வீட்டுக்குள் போவோம். பிள்ளையவர்களின் மனைவியார் பெயர் காவேரியாச்சி. மகன் பெயர், பாட்டனார் பெயரான சிதம்பரம் பிள்ளை. பிள்ளையவர்களின் வீட்டில் எப்போதும் மாணவர் கூட்டம் இருக்கும். பலர் அங்கேயே தங்குவார்கள், அங்கேயே சாப்பிடுவார்கள். பிரபுக்கள் பாட்டுக்குப் பரிசு கொடுத்தால் அன்று வீட்டில் பணம் இருக்கும். அது சில நாளில் அரிசியாகவும் பருப்பாகவும் மாறி இலையில் விழுந்து தீர்ந்துவிடும். பிறகு கடன். பெரும் புலவராக இருந்தும் அவர் கையில் பணம் நின்றதே இல்லை. வறுமை அவரை விட்டு நீங்கவும் இல்லை.

கூடத்தில் உட்கார்ந்து பிள்ளையவர்கள் கம்பராமாயணம் சொல்லும்போது எல்லார் காதும் அங்கே இருந்தது. அடுக்களையில் அரிசிப் பானையைத் தட்டிப் பார்த்த அம்மையாரின் மனநிலையை யார் அறிவார்? பிள்ளையவர்களுக்கு விரிவான வரலாற்று நூல் இருக்கிறது. காவேரியாச்சிக்கு அப்படி ஒரு நூல் இல்லை. ஆனால் அந்த அடுப்பு எரிந்திராவிட்டால் அந்தப் பாடம் நடந்திருக்குமா? இதைத்தான் நான் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

பிள்ளையவர்களிடம் 1871-ஆம் ஆண்டில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். உத்தமதானபுரம் என்ற சிற்றூரைச் சேர்ந்தவன். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியவன். அவன் தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனுக்குத் தமிழ் சொல்லித் தருகிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கெல்லாம் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றும் உ. வே. சாமிநாதையர்.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவர் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் கண்ணை மூடினார். வயது அறுபது. கடைசி நேரத்தில் கிறிஸ்தவராகிய சவரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருந்தார். சாமிநாதையர் பக்கத்தில் இருந்து திருவாசகம் வாசித்தார். பணம் சேர்த்து வைக்காத ஆசிரியர் சேர்த்து வைத்த செல்வம் எது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, பிள்ளையவர்களின் இன்னொரு மாணவராகிய தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். தம் இடத்துக்குச் சாமிநாதையரையே கொண்டுவந்து வைத்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். ஒரு தமிழ் ஆசிரியருக்கு மாதம் பிறந்தால் நிச்சயமாக வருகிற சம்பளம்! வயிற்றுக் கவலை தீர்ந்த பிறகு அந்த மாணவர் என்ன செய்தார்? செல்லரித்துக் கிடந்த ஓலைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று ஒவ்வொன்றாக அச்சேற்றினார். ஓர் ஆசிரியரின் வீட்டில் அடுப்பு கவலையின்றி எரிந்தால் ஒரு மொழிக்கே எவ்வளவு நன்மை விளைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தம் குருவையும் அவர் மறக்கவில்லை. அவருடைய வரலாற்றை 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். பிள்ளையவர்கள் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டு ஆகியும் அந்த நன்றி ஆறவில்லை.

பெற்றோர்களே, இந்தக் கதையில் கசப்பான ஒரு பகுதியும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. திண்ணைப் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே படித்தார்கள். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் கால் வைக்க முடியவில்லை. கப்பல் ஏறி இந்த நாட்டுக்கு வந்த நம் முன்னோர்களில் பலர் அப்படித் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள்.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழுத்து எங்கே கிடைத்தது? இந்தப் பினாங்கில் 1816-ஆம் ஆண்டு, மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்த மறு ஆண்டு, ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கினார். அங்கே நடந்த தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால் அது பட்டணம். தோட்டத்துக்குப் பள்ளி வர நெடுங்காலம் ஆயிற்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த வழி செய்தது. பள்ளி என்றால் பல இடங்களில் ஒரு கொட்டகை. ஆசிரியர் என்றால் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ. எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே. சம்பளம் சொற்பம். 1957-இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டித்தான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அரசாங்கச் சம்பளத் திட்டத்துக்குள் வந்தார்கள்.

என் பள்ளிக்கு ஒரு பாட்டி பேரனை அழைத்துக்கொண்டு வருவார். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிய கை அவருடையது. ஒரு நாள் பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "டீச்சர், எங்க காலத்துல ஆத்தா அப்பா விடியுமுன்ன பெரட்டுக்குப் போயிருவாங்க. நாங்க வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போவோம். வாத்தியார் சம்சாரம் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிரும். கூப்பிட்டு ஒரு வாய் கஞ்சி குடுக்கும். அதுக்கும் மூணு புள்ளைங்க. அன்னைக்கு அதுங்க குடிச்சிச்சோ என்னமோ, நமக்கென்ன தெரியும்?"

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டி வெகு நேரம் பேசவில்லை. எனக்குக் காவேரியாச்சி அம்மையாரின் நினைவு வந்தது. மாயூரம் எங்கே, நம் தோட்டத்து லயம் எங்கே! ஆனாலும் இரண்டு இடத்திலும் எரிந்தது ஒரே அடுப்புத்தான். அந்தப் பாட்டி அந்தப் பள்ளியில் மூன்று ஆண்டுகள்தான் படித்தார். ஆயினும் இன்றைக்கும் பேரனின் பள்ளிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, அவன் தப்பாக வாசித்தால் திருத்துகிறார்.

ஆசிரியரைத் தெய்வத்துக்குச் சமமாக வைத்துப் பேசுவது நம் வழக்கம். அது நல்ல வழக்கந்தான். ஆனால் தெய்வத்துக்குப் பசி இல்லை; ஆசிரியருக்குப் பசி உண்டு. அவருக்கு மனைவி மக்கள் உண்டு. வாயால் தெய்வம் என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டு அடுப்பைப் பார்க்காமல் இருந்தது நம் சமூகம் செய்த பிழை. கல்வியை நாம் இலவசமாகப் பெற்றதாக நினைக்கிறோம். அதன் விலையை ஆசிரியரின் குடும்பம் சத்தமில்லாமல் கொடுத்திருக்கிறது.

இன்று ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு. வாவுக்காசும் நெல்லும் வேண்டியதில்லை. அப்படியானால் பழைய கடனை எப்படி அடைப்பது? மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பிள்ளையை நாள் தவறாமல் பள்ளிக்கு அனுப்புங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று நிறுத்தாதீர்கள். மீனாட்சிசுந்தரம் பிள்ளை தகப்பனாரை இழந்த பதினைந்து வயதிலும் படிப்பை நிறுத்தவில்லை.

இரண்டாவது, பெண்பிள்ளையையும் அதே அக்கறையோடு படிக்க வையுங்கள். திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேத்திகள் இன்று எந்த வகுப்பிலும் முதல் வரிசையில் உட்காரலாம்.

மூன்றாவது, உங்களுக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். அவர் இல்லாவிட்டாலும் அவருடைய மனைவியார் இருக்கக்கூடும். போகும்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். "இவர் வீட்டுக் கஞ்சியைக் குடித்துத்தான் அம்மா படித்தேன்" என்று பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லுங்கள். பெரிய பரிசு ஒன்றும் வேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்.